மூன்றாவது நட்டைப் பார்த்துச் சிரிப்பவர்கள்

விமானங்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கரில் முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறோம். அவர்களில் முப்பது பேர் விமானத்தின் வாலுக்குள் இருக்கும் ஒரு நட்டைப் பார்த்தால் சிரிப்பார்கள். சும்மா ஒப்புக்குச் சிரிப்பதில்லை. முகமெல்லாம் மலர்ந்து, கண்ணில் லேசாக ஈரம் கட்டி, பக்கத்தில் யார் நின்றாலும் கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரிச் சிரிப்பார்கள். வால் தகட்டை ஆட்டும் தண்டை நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. முதல் நட்டுக்குச் சிரிப்பு கிடையாது. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் கிடையாது. மூன்றாவதுக்கு மட்டும்தான்.

முப்பத்தொன்றாவது ஆள் நான். பெயர் யாழரசி, ஊர் உடுமலைப்பேட்டை. எனக்கு அது வெறும் நட்டு.

இதற்காகவே என் வருட மதிப்பீட்டில் ‘பணியில் மனநிறைவு போதாது’ என்று எழுதினார்கள். நட்டைப் பார்த்துச் சிரிக்காதவளுக்கு மனநிறைவு போதாதென்றால், நட்டைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்களுக்கு என்ன போதவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ‘வாய் நீளம்’ என்று அடுத்த வரியில் எழுதியிருப்பார்கள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். விமானத்தில் ஒரு திருகைத் தொட்டு, ‘சரியாக இருக்கிறது, பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வுகள் உண்டு. அது முடிந்ததும் இரண்டு வருடம் லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே கை அழுக்காக வேலை செய்ய வேண்டும். செய்த ஒவ்வொரு வேலையையும் லாக்புக்கில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் செய்முறைத் தேர்வு. இப்படித்தான் வெகு காலமாக நடந்தது. பிறகு விமானங்கள் பெருகின, ஆட்கள் பெருகவில்லை. இரண்டு வருடம் யார் காத்திருப்பது என்று கம்பெனிகள் கூச்சல் போட்டன. அப்போதுதான் கைப்பதிவு வந்தது.

தூத்துக்குடியில் சூசைமாணிக்கம் என்று ஒரு இன்ஜினியர். முப்பத்தைந்து வருட அனுபவம், ஒரு புகார் கிடையாது. அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாற்பது நாளும் விரல் நுனியிலிருந்து தோள் வரை ஒரு உறையை மாட்டிவிட்டு, தலையில் ஒரு குல்லாயைக் கவிழ்த்து, எல்லா வேலையையும் ஒரு முறை செய்யச் சொன்னார்கள். அவர் கை எப்படி நகர்ந்தது, எங்கே அழுத்தியது, எங்கே நிறுத்தியது என்பது முழுவதும் பதிவானது. அதை இரண்டே நாளில் இன்னொருவர் தலையில் ஏற்றிவிடலாம். ஏற்றிக்கொண்டவருக்கு இரண்டு வருட அனுபவம் இருப்பதாகக் கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. நாடு முழுக்க நானூறு பேர் ஏற்றிக்கொண்டார்கள்.

என் தோழி நஸ்ரின் உக்கடத்துக்காரி. ஏற்றிக்கொண்டு வந்த அன்று நான் கேட்டேன்.

“எப்படிடீ இருக்குது?”

“கைக்குள்ள யாரோ குடி வந்த மாதிரி இருக்குதுடீ. நல்ல மனுசனாத்தான் தெரியுது. கொஞ்சம் கருவாட்டு வாசம் மட்டும் வருது.”

கை மட்டும் தனியாக வரவில்லை. கடைசி நட்டை இறுக்கி முடித்ததும் நஸ்ரின் “சூசையப்பரே!” என்று பெருமூச்சு விட்டாள். பிறகு திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வெங்காயம் கூடச் சேர்க்காத சிவகுருநாதன், கேண்டீனில் கருவாட்டுக் குழம்பு வைக்கும் செவ்வாய்க்கிழமைகளில் ஜன்னலோரமாக நின்று மூச்சை இழுத்து இழுத்து விட ஆரம்பித்தான். முப்பது பேரும் டீயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தார்கள். அப்புறம் அந்த மூன்றாவது நட்டு. அதைப் போடும்போது எல்லோருக்கும் உள்ளே என்னவோ பொங்கியது. ‘தொழில்மேல் இருக்கும் காதல்’ என்று கம்பெனி அதற்குப் பெயர் வைத்து விளம்பரத்திலும் போட்டது.

என்னையும் குல்லாய் மாட்டி உட்கார வைத்தார்கள். இயந்திரம் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. ஏற்றிவிடும் ஆள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

“நீங்க நொட்டாங்கைங்களா?”

“ஆமாங்.”

“முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? சூசை சாருக்குச் சோத்தாங்கைங்க. அவரு உங்க மண்டைக்குள்ள வந்து பாத்துட்டு, வீடு மாறி வந்துட்டம்னு திரும்பிப் போயிட்டாருங்க.”

ஆகவே நான் பழைய வழிக்குப் போனேன். இருபத்தாறு மாதம் கிரீஸிலும் எண்ணெயிலும் புரண்டு லாக்புக் நிரப்பினேன். கஷ்டம் அதில் இல்லை, செய்முறைத் தேர்வில்தான் இருந்தது. வால் தண்டை மாட்டிக் காட்ட வேண்டும். நம் கை போகிற போக்கைக் கேமரா சூசைமாணிக்கத்தின் பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். எழுபத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. முதல் தடவை எனக்கு நாற்பத்தொன்று வந்தது, எல்லாம் இடது கையால் செய்ததால். நான் சண்டை போட்டுப் பதிவைக் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகத் திருப்பி வைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை எழுபத்து மூன்று. குறிப்பில் ‘மூன்றாவது நட்டில் தேவையற்ற தாமதம்’ என்று இருந்தது.

மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதும் போனால் அடுத்த மூன்று வருடத்துக்குத் தேர்வுப் பக்கமே தலைவைக்க முடியாது. கம்பெனி என்னை ஸ்டோரில் உட்காரவைத்து கையுறை எண்ணச் சொல்லும். இருபத்தாறு மாதத்தையும் துடைத்துப் போட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றாவது தேர்வு ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலை ஒரு விமானம் பத்து மாதச் சோதனை முடிந்து புறப்படத் தயாராக நின்றது. நாலு மணிக்குத் தூத்துக்குடிக்கு எழுபத்திரண்டு பயணிகளோடு போக வேண்டும். வாலை நஸ்ரின் சோதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாள். வால் மாதிரியான உயிர் நாடிகளுக்கு ஒரு கையெழுத்துப் போதாது. சம்பந்தமில்லாத இன்னொருவர் புதுக் கண்ணோடு பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சிவகுருநாதன் போட்டிருந்தான். மூடியை மாட்டுவதற்கு முன்னால் கிரீஸைத் துடைத்துவிட்டு வரச் சொல்லி என்னை ஏணியில் ஏற்றினார்கள்.

துடைத்துக்கொண்டே மூன்றாவது நட்டுக்கு வந்தேன். என் கை நின்றுவிட்டது.

இந்த நட்டு கழன்றுவிடாமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. போல்ட்டில் குறுக்கே ஒரு துளை இருக்கும். அதில் ஹேர்பின் போன்ற ஒரு பின்னைச் செருக வேண்டும். மறுபக்கம் எட்டிப் பார்க்கும் அதன் இரண்டு கால்களையும் பிளையரால் ஆளுக்கொரு பக்கம் வளைத்துவிட வேண்டும். வளைத்தால் பின் வெளியே வராது. பின் வராவிட்டால் நட்டு கழலாது. நட்டு கழலாவிட்டால் விமானி சொல்கிற பேச்சை வால் கேட்கும். மற்ற மூன்று நட்டுகளிலும் கால்கள் வளைந்திருந்தன. மூன்றாவதில் நேராக இருந்தன. பத்து மாதம் ஆடிய ஆட்டத்தில் பின் பாதி வெளியே வந்து தொங்கியது.

“நஸ்ரின்! இங்க வாடீ!”

அவள் ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“என்னடீ?”

“பின்னைப் பாரு.”

“இருக்குதே.”

“காலு வளைக்கலையே!”

“அப்படியா?” அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியது. “ஆனா எவ்வளவு நல்லா இருக்குது பாரேன்.”

நான் வேலைப் புத்தகத்தை எடுத்து அந்த வரியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். ‘பின்னின் இரு கால்களையும் வளைக்கவும்.’ சத்தமாகப் படித்தாள். திரும்ப நட்டைப் பார்த்தாள். திரும்பவும் முகம் மலர்ந்தது. அவளால் முடியவில்லை, பாவம். தன் குழந்தையின் கோணல் பல்லைப் பார்க்கிற அம்மாவிடம் குறை சொல்லிப் பார்த்தது போல இருந்தது எனக்கு. சிவகுருநாதனைக் கூப்பிட்டேன். அவன் ஏறி வந்து, “அருமை” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கிப் போனான்.

எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. என் இரண்டாவது தேர்வின் ‘தேவையற்ற தாமதம்’ என்னவென்று புரிந்தது. நான் அந்தக் கால்களை வளைத்த நேரம் அது. சூசைமாணிக்கத்தின் பதிவில் அந்த நேரம் இல்லை. அவர் வளைக்கவில்லை. ஆகவே நானூறு பேரும் வளைக்கவில்லை. இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவரின் புதுக் கண்ணும் அதே பழைய கண்தான்.

மேலாளர் குழந்தைவேலுவிடம் ஓடினேன். அவர் ஏற்றிக்கொண்டவர் இல்லை, நிர்வாகத்து ஆள்.

“ஏம்மிணி, மத்தியானம் பரீட்சைய வெச்சுக்கிட்டு எதுக்கு இப்படி ஓடியாறே?”

“ஏணி ஏறி ஒரு தடவை பாருங்க சார். பின்னு தொங்குது.”

“நான் ஏணி ஏறிப் பன்னண்டு வருசமாச்சு. ரெண்டு கையெழுத்து இருக்குதல்லோ?”

“ரெண்டு கையெழுத்துங்க, ஆனா கண்ணு ஒண்ணுதான்.”

“லைசென்ஸ் உள்ளவங்க ரெண்டு பேரு சரிங்கறாங்க. லைசென்ஸ் இல்லாத நீ தப்புங்கறே. நான் ஆரு பேச்சைக் கேக்கறது, நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். லைசென்ஸ் இருக்கிறவர்களுக்குத் தப்பு தெரியவில்லை. தப்பு தெரிகிறவளுக்கு லைசென்ஸ் இல்லை. நானே ஏறி வளைத்துவிடலாம். ஆனால் கையெழுத்தான வாலை லைசென்ஸ் இல்லாதவள் தொட்டால் ஆயுளுக்கும் தடை. அப்படியே வளைத்தாலும் இந்த ஒன்றுக்குத்தான் தீர்வு. மற்ற ஊர்களில் பறக்கும் தொண்ணூறு விமானங்களுக்கு யார் ஏணி வைப்பது?

நஸ்ரின் என் காதோரம் வந்தாள். “உனக்கு நல்லதுக்குச் சொல்றேன். இன்னைக்குத் தேர்வுல வளைக்காம விட்டுடு. பாஸ் ஆயிடுவே. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஆசை தீர வளைச்சுக்கோ.”

எனக்குச் சபலம் தட்டவில்லை என்று சொன்னால் அது பொய். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். எழுபத்திரண்டு பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை.

எங்கள் தொழிலில் அரசாணையை விடப் பெரிய சட்டம் ஒன்று இருக்கிறது. கருவிக் கணக்கு. ஒவ்வொருவர் கருவிப்பெட்டியிலும் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டி இருக்கும். வேலை முடிந்ததும் எல்லாப் பள்ளமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்தக் கருவி விமானத்துக்குள் எங்கோ விழுந்து கிடக்கிறது என்றுதான் பொருள். அது கிடைக்கிற வரைக்கும் விமானம் ஓர் அங்குலம் நகரக் கூடாது. மந்திரியே உள்ளே உட்கார்ந்திருந்தாலும் சரி.

நான் என் முப்பத்தொன்றாம் எண் பெட்டியிலிருந்து பிளையரை எடுத்து, சாப்பாட்டுப் பையில் தயிர்சாதத்துக்கு அடியில் வைத்தேன். பிறகு, “என் பிளையரைக் காணோமுங்க!” என்று கத்தினேன்.

ஹேங்கர் அதிர்ந்தது. முப்பது பேரும் தேட ஆரம்பித்தார்கள். முப்பது பேரும் முதலில் இடுப்புப் பையைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு முப்பது பேரும் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்கள். பிறகு முப்பது பேரும் வேகமாக நடந்து ஆண்கள் கழிப்பறைக்குப் போய் ஜன்னல் மேடையில் கைவிட்டுத் துழாவ வரிசையில் நின்றார்கள். நஸ்ரினும் அந்த வரிசையில் நின்றாள். சூசைமாணிக்கம் பிளையரை மறந்து வைக்கிற இடம் அதுவாக இருக்க வேண்டும்.

இரண்டு மணிக்குத் தேர்வாளர் ஞானசபேசன் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. அவர் சிரித்ததைப் பார்த்ததாக எங்கள் தொழிலில் யாரும் சொன்னதில்லை. என்னைப் போல, அந்தக் காலத்து வழியில் இரண்டு வருடம் உழைத்து லைசென்ஸ் வாங்கியவர்தான். தேர்வாளர்கள் எல்லோரும் கையை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்ததும் அவரும் ஏற்றிக்கொண்டார்.

“கருவி காணாமப் போன இடத்துல தேர்வு நடத்த முடியாது” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். “யாரோட கருவி?”

“என்னுதுதான் சார். காணாமப் போகலை. என் சாப்பாட்டுப் பையில இருக்குது. நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

“சோத்துப் பையிலயா?” என்று குழந்தைவேலு நெஞ்சில் கை வைத்தார்.

ஞானசபேசன் பேனாவைத் திறந்தார். கருவியை மறைப்பது எங்கள் தொழிலில் கொலைக் குற்றத்துக்கு அடுத்த படி.

“எழுதுங்க சார். எழுதறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஏணி ஏறி மூணாவது நட்டைப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு ஏறினார். நாங்கள் கீழே அண்ணாந்து நின்றோம். அவர் டார்ச்சை அடித்தார். சிரித்தார்.

அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யாரும் நினைத்ததில்லை. பதினெட்டு வயதுப் பையன் மாதிரி இருந்தார். அவர் இறங்கி வந்ததும், “புத்தகம் வளைக்கச் சொல்லுது” என்றார் தடுமாற்றமாக. “பின் வெளியே வந்திருக்கு, அதுவும் தெரியுது. ஆனா எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மனசு சொல்லுது. நான் இந்தத் தொழில்ல மனசைத்தான் நம்பியிருக்கேன், மிஸ் யாழரசி.”

நான் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கையுறை எண்ணும் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது.

நஸ்ரினுக்கு என் அழுகையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “சூசை சாரையே கேட்டா என்ன?” என்றாள்.

“பதிவு கொடுத்தவரோட விலாசமோ நம்பரோ யாருக்கும் தரக் கூடாதுன்னு விதி இருக்கு” என்றார் ஞானசபேசன்.

“நம்பர் எனக்குத் தெரியாது சார். கைக்குத் தெரியும். எங்கம்மாவுக்குப் போடறேன்னு ரெண்டு தடவை அங்க போட்டிருக்கேன். யாரோ ஒரு அம்மா எடுத்து, ‘வாரப்போ பன்ரொட்டி வாங்கிட்டு வாங்க’ன்னுட்டு வெச்சுட்டாங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை அதன் போக்கில் விட்டாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

“யாரு பேசுதது?” கரகரத்த குரல். அந்தக் குரலைக் கேட்டதும் முப்பது பேரும் ஞானசபேசனும் நிமிர்ந்து நின்றார்கள்.

நான் யாரென்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். “சார், வால் தண்டை மாட்டிக் காட்டின அன்னைக்கு மூணாவது பின்னைச் செருகினீங்க. அதுக்கப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“மூணாவது பின்னா? இரி தாயி, யோசிக்கேன். எய்யா! அன்னைக்கா? அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரில இருந்து எம் பொஞ்சாதி போன் போட்டா. எம்மவளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குன்னு! கல்யாணமாயி ஒம்பது வருசம், ஏறாத கோயில் இல்ல. காதுல மாட்டியிருந்த போன்ல சேதி வருது, கையில பின்னு. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. உறையோட நிக்கேன்ல்லா, ஆடக் கூட முடியல!”

“பின்னோட காலை வளைச்சீங்களா சார்?”

“வளைக்கல, தாயி. சந்தோசத்துல நேரா நாலாவது நட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஞாபகம் வந்துட்டு. ஆட்டோவத் திருப்பச் சொல்லி, ஹேங்கருக்கு ஓடிப்போயி வளைச்சுட்டுத்தான் புள்ளையப் பாக்கப் போனேன். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு பின்னு விட்டதில்ல நான்.”

“அப்ப உறை?”

“உறையா? அத அஞ்சு மணிக்கே கழட்டிட்டாங்களே.” அவருக்கு இப்போதுதான் உறைத்தது. “ஏ தாயி, அப்படின்னா நீங்கள்லாம்...”

நான் சுற்றிலும் பார்த்தேன். முப்பது பேரும் ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழில்மேல் இருந்த காதல் என்று அவர்கள் நினைத்தது, தூத்துக்குடியில் யாரோ ஒருத்திக்குப் பிறந்த குழந்தை. சிவகுருநாதன் மெதுவாகக் கேட்டான், “புள்ளை நல்லா இருக்குதுங்களா சார்?”

“நல்லா இருக்கா. இப்பதான் எம் மூக்குக் கண்ணாடிய உடைச்சா.”

முப்பது பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

ஞானசபேசன் பிளையரை வாங்கிக்கொண்டு ஏறினார். நட்டுக்குக் கிட்டே போனதும் அவர் கை நின்றுவிட்டது. மறுபடி முயன்றார், மறுபடி நின்றது. “விஷயம் தெரிஞ்ச பிறகும் கை வர மாட்டேங்குது” என்று மேலிருந்தே சொன்னார். “நீங்க வாங்க. நான் மேற்பார்வை பார்க்கிறேன்.” நான் ஏறிப் பழைய பின்னை உருவிப் போட்டேன். ஒரு தடவை போட்ட பின்னைத் திரும்பப் போடக் கூடாது. புதுப் பின்னைச் செருகி இரண்டு கால்களையும் வளைத்தேன். அவர் அது முடிகிற வரைக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நாலு மணி விமானம் போகவில்லை. ஞானசபேசன் அனுப்பிய அறிக்கையால் மற்ற ஊர்களில் தொண்ணூறு விமானங்கள் தரையில் நின்றன. பதினேழில் பின் பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. அறிக்கையில் என்னைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: ‘கருவி ஒன்று சிறிது நேரம் உணவுப் பையில் வைக்கப்பட்டிருந்தது.’ ஏன் வைக்கப்பட்டது, யார் வைத்தார்கள் என்பதெல்லாம் இல்லை.

மறுவாரம் ஆணை வந்தது. கை ஏற்றிக்கொண்ட எல்லோரும் போய், மூன்றாவது நட்டில் அவர் சேதி கேட்ட அந்தப் பதினொரு விநாடியை மட்டும் தலையிலிருந்து வெட்டிவிட்டு வர வேண்டும். வெட்டிக்கொள்கிற வரை லைசென்ஸ் செல்லாது. வலிக்காது, அரை மணி நேர வேலை.

ஒவ்வொருவராகப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசிக்குப் போவது மாதிரி தள்ளிக்கொண்டு நின்றார்கள். நஸ்ரின் திரும்பி வந்ததும் நேரே ஏணியில் ஏறி மூன்றாவது நட்டைப் பார்த்தாள்.

“எப்படிடீ இருக்குது?”

“வெறும் நட்டுடீ” என்றாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

என் தேர்வு தள்ளிப் போயிருந்தது. என் எழுத்துத் தேர்வின் காலக்கெடு அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் செய்முறையில் தேறாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. எங்கள் வட்டாரத்துக்குத் தேர்வாளர் ஞானசபேசன் ஒருவர்தான். அவர் இன்னும் வெட்டிக்கொள்ளவில்லை என்று குழந்தைவேலு சொன்னார். நான் தினமும் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் அவரே வந்தார். தேர்வுக்கு இல்லை. கையில் பை கூட இல்லை. யாரிடமும் பேசாமல் ஏணியில் ஏறி, மூன்றாவது நட்டுக்கு முன்னால் நின்றார். நான் கீழே போய் நின்றேன்.

“மிஸ் யாழரசி, நான் கல்யாணம் பண்ணிக்கலை” என்றார் திரும்பாமலே. “தங்கச்சிங்களுக்கு முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சப்போ எனக்கு வயசாயிடுச்சு. குறையா நினைச்சதில்லை. ஆனா இந்த நட்டுக்கு முன்னாடி நிற்கிறப்போ, எனக்கு எங்கேயோ ஒரு குழந்தை பிறந்திருக்கு. தேவையே இல்லாத ஊருக்கெல்லாம் ஆய்வுக்குப் போயிருக்கேன், இதைப் பார்க்கிறதுக்காக.”

‘பரவாயில்லை சார், நீங்க வெச்சுக்குங்க, நான் மறுபடி முதல்ல இருந்து எழுதிக்கறேன்’ என்று ஒரு நல்ல மனுஷி சொல்லியிருப்பாள். அவ்வளவு நல்லவள் இல்லை நான். இருபத்தாறு மாதம் என் கண் முன்னால் நின்றது. அவருக்காக மனசு கஷ்டப்பட்டது, என் லைசென்ஸும் வேண்டியிருந்தது. சும்மா நின்றேன்.

“உங்க கெடு முப்பதாம் தேதிதானே?” என்று கேட்டார்.

“ஆமாங் சார்.”

இன்னும் கால் மணி நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் பையோடு வந்தார். அடையாள அட்டையில் ‘நீக்கப்பட்டது’ என்று நீல முத்திரை இருந்தது. கேமராவை அணைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தண்டை மாட்டினேன். நான்கு நட்டு, நான்கு பின், எட்டுக் கால். முடித்துவிட்டு இறங்கினேன்.

அவர் ஏறினார். ஒவ்வொரு நட்டாக டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாவதில் அதிக நேரம் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. பழைய ஞானசபேசன்தான்.

இறங்கி வந்து கணக்குப் போட்டார். “எழுபத்தெட்டு. மூணாவது பின்னுல ஒரு கால் மத்ததை விட நீளமா இருக்கு. அதுக்கு ரெண்டு மார்க் குறைச்சிருக்கேன்.”

“சரிங் சார்” என்றேன். நஸ்ரின் தூரத்தில் நின்று குதித்தாள். குழந்தைவேலு தேங்காய் உடைக்க ஆள் அனுப்பினார். ஞானசபேசன் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காய ஊதி, தாளை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார்.

“அந்தக் குழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்கன்னு தெரியுமா?”

“ஜெனிலின் மேரி, சார். அடுத்த மாசம் மூணு வயசு முடியுதாம்.”

“சந்தோஷம் போயிடுச்சு” என்றார். “பேராவது தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னு கேட்டேன்.”

அந்தப் பெயரை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.